அஸ்வெசும வீட்டிலிருந்து பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு

"அக்கா, நான் காமென்ட்ஸுக்குப் போனால் அஸ்வெசுமவை வெட்டிப்போடுவாங்களோ?"

காமென்ட்ஸ் என்றால் ஆடைத் தொழிற்சாலை, அஸ்வெசும என்றால் வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் தருகிற உதவிக் காசு. இந்தக் கேள்வியை எத்தனை பேர் என் படலையில் நின்று கேட்டிருக்கிறார்கள் என்று கணக்கில்லை. கிளிநொச்சிப் பக்கம், தர்மபுரத்துக்கும் விசுவமடுவுக்கும் இடையில் ஒரு கிராமம் எங்களுடையது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு நான் செயலாளர். பெரிய பதவி என்று நினைக்க வேண்டாம். எழுத்து கொஞ்சம் வடிவாக இருக்கும், டி.எஸ். ஒஃபீஸில், அதாவது பிரதேச செயலகத்தில், எந்த மேசைக்கு எதற்குப் போவது என்று தெரியும், அவ்வளவுதான் தகுதி. எங்களுடையதும் அஸ்வெசும எடுத்த வீடு. தையல் பயிற்சிக்குப் போய், பாதியில் விட்டு, பிறகு வேறு வழியால் சேட்டிபிக்கற் எடுத்து, இப்போது வீட்டு முன் பத்தியில் இரண்டு மெசினோடு பிழைக்கிறேன். நான் போன வழியையும், என்னோடு வந்தவர்கள் தடுக்கி விழுந்த இடங்களையும் எழுதி வைத்தால் படலைக்கு வருகிறவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லத் தேவையில்லை என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பயம்

அஸ்வெசும 2023 யூலையில் தொடங்கியது. அதற்கு அடியில் இருப்பது 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டம். குடும்பத்தைத் தெரிவு செய்யும்போது படிப்பு, சுகநலம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலைமை, குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஆறு பிரிவில் 22 சுட்டிகளைப் பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். கரண்ட் எவ்வளவு எரிக்கிறீர்கள், கூரை என்ன, காணி எவ்வளவு, நோயாளி இருக்கிறாரா என்பதெல்லாம் அதற்குள் வரும். ஒரு சம்பளத் துண்டு மட்டும் தனியாக எதையும் தீர்மானிப்பதில்லை. "வேலைக்குப் போனால்தான் காசு" என்றோ "வேலைக்குப் போனால் காசு இல்லை" என்றோ அதில் ஒரு நிபந்தனையும் கிடையாது.

பிறகு ஏன் சனம் குழம்புகிறது? போர் முடிந்து மீள்குடியேறிய காலத்தில் "வேலைக்குக் காசு" என்று ஒரு திட்டம் வந்தது. காடு பற்றிப் போன வாய்க்காலையும் வீதியையும் துப்புரவாக்கப் போய் ஒப்பம் வைத்தால் காசு. போகாவிட்டால் இல்லை. அன்றிலிருந்து எங்கள் சனத்துக்கு உதவி என்றாலே மண்வெட்டி ஞாபகம்தான். இன்னொரு பக்கம் வெளிநாட்டுச் சொந்தங்கள். கனடாவில் இருக்கும் என் மச்சாள் சொல்வாள், ஒன்ராறியோவில் வெல்பெயர் எடுத்தால் வேலை தேடுவேன், வகுப்புக்குப் போவேன் என்று ஒப்பமிட்டுக் கொடுக்க வேண்டுமாம். அமெரிக்காவில் இன்னும் இறுக்கம். 1996இல் வந்த சட்டப்படி மத்திய அரசின் காசில் வாழ்நாளுக்கு 60 மாதம்தான் என்று எல்லை. தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய் கிழமைக்கு 30 மணித்தியாலம் வேலையோ பயிற்சியோ காட்ட வேண்டும், ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் 20 மணித்தியாலம். இதெல்லாம் ஃபோனில் காதுக்குக் காது மாறி வந்து, கடைசியில் எங்கள் கிணற்றடியில் "இனி அஸ்வெசுமவுக்கும் அப்படியாம்" என்று நிற்கும்.

ஆனால் வெட்டவே மாட்டார்கள் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். தொடங்கும்போதே வறிய, மிக வறிய குடும்பங்களுக்கு மூன்று வருடம் என்றுதான் சொன்னார்கள். நிலைமை கொஞ்சம் மேலான மற்ற இரண்டு பிரிவுக்கும் அதைவிடக் குறைந்த காலம், பிறகு நீட்டினார்கள். 2025 தொடக்கத்தில் வறிய பிரிவுக்கு 8,500 ரூபாய் 10,000 ஆனது, மிக வறிய பிரிவுக்கு 15,000 ரூபாய் 17,500 ஆனது. கூடியது சந்தோசம்தான். ஆனால் இது பென்சன் மாதிரிச் சாகும்வரை வருகிற காசு என்று யாரும் எழுதித் தரவில்லை. சம்பளம் வந்து, வீடு திருந்தி, மோட்டச்சைக்கிள் வாங்கினால் அடுத்த தகவல் புதுப்பிப்பில் அது தெரியத்தான் செய்யும். தெரியட்டும். மறைத்து எழுதச் சொல்லி என்னிடம் வராதீர்கள். பொய்த் தகவல் பிடிபட்டால் உள்ளதும் போகும். அதுவும் எங்கள் ஊரில் பொய்யைப் பிடிக்க அதிகாரி தேவையில்லை, பக்கத்து வீடு போதும்.

பயிற்சிக்குப் போவதால் மட்டும் வீட்டு நிலைமை ஒரே இரவில் மாறிவிடாது. ஆகவே "பயிற்சிக்குப் பெயர் கொடுத்தாலே வெட்டுவார்கள்" என்று ஒதுங்கி நிற்பது வீண் நட்டம்.

கொப்பியில் கணக்கு

பயம் போனதும் சிலர் அடுத்த நாளே பஸ் ஏறப் பார்ப்பார்கள். பொறுங்கள். ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். எங்கள் வீதியில் ஒரு தங்கச்சிக்கு நான் போட்டுக் கொடுத்த கணக்கு இது.

அவளுக்குப் புருசன் இல்லை. இரண்டு பிள்ளைகள், மூத்தவன் ஐந்தாம் வகுப்பு, சின்னவள் முன்பள்ளி. தாய்க்கு முழங்கால் ஏலாது. இடது பக்கத்தில் இப்போது வருவதை எழுதினோம்: அஸ்வெசும 10,000, கூலி வேலை மாதத்தில் எட்டு நாள் கிடைத்தால் 1,500 வீதம் 12,000. மொத்தம் 22,000. வலது பக்கத்தில் காமென்ட்ஸ். 2026 தையிலிருந்து நாட்டின் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபாய். ஓவர்டைம், வரவுக் கொடுப்பனவு எல்லாம் வரலாம், வராமலும் விடலாம் என்பதால் அதை எழுதவில்லை. இ.பி.எஃப் என்ற ஊழியர் சேமலாப நிதிக்கு எட்டு வீதம், 2,400 போகும். மிச்சம் 27,600. கம்பனி பஸ் காலை ஐந்தரைக்குச் சந்திக்கு வரும், அதற்குக் காசில்லை. ஆனால் அந்த நேரத்துக்கு முன்பள்ளிக்காரியை யார் வெளிக்கிடுத்துவது? பக்கத்து வீட்டு அக்காவுக்கு மாதம் 4,000. காலைச் சாப்பாடு, தேத்தண்ணி, நின்று வேலை செய்யச் செருப்பு, அது இது என்று 2,500. மூத்தவனுக்கு மாலையில் சொல்லிக் கொடுக்க ஆளில்லை, ரியூசன் 1,000. கையில் நிற்பது 20,100.

அஸ்வெசுமவும் தொடர்ந்து வந்தால் 30,100, நல்ல காசு. நின்றுவிட்டால் இப்போது இருப்பதைவிடக் கையில் 1,900 குறைவு. ஆனால் இ.பி.எஃப்பில் அவளுடைய 2,400உம் முதலாளியின் 12 வீதமான 3,600உம் சேர்ந்து மாதம் 6,000 அவள் பெயரில் விழும். அதற்கு மேல் முதலாளி போடுகிற இ.ரி.எஃப், அதாவது ஊழியர் நம்பிக்கை நிதி, மூன்று வீதம். கூலி வேலையில் இது கனவிலும் வராது.

அவள் கொப்பியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "சின்னவள் முதலாம் வகுப்புக்குப் போகட்டும் அக்கா, அந்த நாலாயிரம் மிஞ்சும்" என்றாள். அதுவரைக்கும் சும்மா இருக்காமல் அரைநாள் பயிற்சி ஒன்றுக்குப் போகிறாள். எனக்கு அது சரியான முடிவாகப் பட்டது. உங்கள் கொப்பியில் வேறு விடை வரலாம். தாய் நடமாடுகிறவராக இருந்தால் நான் நாளைக்கே போ என்றிருப்பேன்.

எந்த மேசை

முதலில் ஜி.எஸ்., அதாவது கிராம சேவகர், எங்கள் அம்மம்மா இன்னும் சொல்கிறபடி விதானையார். வதிவிடச் சான்று அவரிடம்தான். டி.எஸ். ஒஃபீஸின் பொதுமக்கள் தினம் எது என்றும் அவரிடமே கேட்டுவிடுங்கள். வேறு நாளில் போனால் உத்தியோகத்தர் ஃபீல்டுக்குப் போயிருப்பார், பஸ் காசு போனதுதான் மிச்சம்.

டி.எஸ். ஒஃபீஸில் சமுர்த்தி உத்தியோகத்தரை எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவரோடு நின்றுவிடுகிறார்கள். அதே கட்டடத்தில் மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். எந்தக் கம்பனிக்கு ஆள் தேவை, எங்கே பயிற்சி தொடங்குகிறது என்ற விபரம் அவரிடம் வரும். பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர், விதாதா வள நிலையம் என்று இன்னும் மேசைகள் உண்டு. பழச்சாறு, ஊறுகாய், மா வகை செய்து விற்க நினைக்கிறவர்கள் விதாதாவை விடாமல் கேளுங்கள். போரில் பட்ட செல் துண்டு உடம்பில் இருக்கிறவர்கள், கால் இழந்தவர்கள் சமூக சேவை மேசைக்குப் போங்கள், அவர்களுக்கென்று வருகிற உதவி அந்த வழியால்தான் வரும். பெயரையும் ஃபோன் நம்பரையும் ஒவ்வொரு மேசையிலும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பயிற்சி அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டு நீங்கள் அதைப் பார்க்கும்போது கடைசித் திகதி முடிந்திருக்கும். நம்பர் இருந்தால் யாராவது ஒருவர் அடிப்பார். 2025 யூலையில் தொடங்கிய பிரஜாசக்தி என்ற வறுமை ஒழிப்பு வேலைத்திட்டத்துக்கும் கிராமங்களில் ஆட்களைக் கூட்டிக் கதைக்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்குப் போகாமல் வீட்டில் இருந்துவிட்டு "எங்களுக்கு ஒன்றும் வரவில்லை" என்று சொல்லக் கூடாது.

பயிற்சி நடத்துகிற இடங்கள் வேறு. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள் இருக்கின்றன. நைற்றா என்று நாங்கள் சொல்லும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை இருக்கிறது. வவுனியாவில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. மாகாணக் கிராம அபிவிருத்தித் திணைக்களமும் பெண்களுக்குத் தையல் பழக்குகிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. வாகனம், மின்சாரம், உணவுத் தொழில்நுட்பம் மாதிரிப் படிப்புகள் அங்கே. ஏ.எல். முடித்துவிட்டுச் சந்தியில் நிற்கிற மகனுக்கும் மகளுக்கும் அந்த இடத்தை ஒரு தரம் காட்டுங்கள். அறிவியல் நகர் என்றால் கம்பஸ் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைத்துப் பஸ்ஸில் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம்.

படிக்க விருப்பமில்லாத, கையால் வேலை செய்ய விருப்பமான பையனுக்கு நைற்றாவின் பயிலுனர் முறை பொருந்தும். கராஜிலோ வெல்டிங் கடையிலோ பாஸிடம் நின்று பழகுவான். சும்மா "எடுபிடி"யாக நிற்காமல் பதிவோடு நிற்பதுதான் வித்தியாசம். பதிவு இருந்தால் கடைசியில் பரீட்சையும் பத்திரமும் உண்டு. இல்லாவிட்டால் மூன்று வருடம் ஸ்பனர் எடுத்துக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருவான்.

பத்திரம் எது, பளபளப்புக் காகிதம் எது

இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் இருக்கிறது. சில வருடத்துக்கு முன் ஒரு நிறுவனம் எங்கள் பொதுநோக்கு மண்டபத்தில் மூன்று மாத அழகுக்கலைப் பயிற்சி வைத்தது. 20 பிள்ளைகள். கடைசி நாளில் பனர் கட்டி, குத்துவிளக்கு ஏற்றி, போட்டோ எடுத்து, லமினேற் பண்ணிய சேட்டிபிக்கற் கொடுத்தார்கள். அதில் ஒரு பிள்ளை அதைக் கொண்டுபோய்க் கிளிநொச்சியில் ஒரு சலூனில் காட்ட, அந்த அக்கா திருப்பிப் பார்த்துவிட்டு, "என்.வி.கியூ. எங்கே?" என்று கேட்டாவாம். பிள்ளைக்கு அந்தச் சொல்லே புதிது. மூன்று மாதம் கூலி வேலையை விட்டுவிட்டு வந்த பிள்ளை அது.

ஆகவே பெயர் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்ததா? முடிவில் என்.வி.கியூ. உண்டா, எத்தனையாம் மட்டம்? பரீட்சைக்கு யார் பொறுப்பு? என்.வி.கியூ. என்பது தேசிய தொழிற்தகைமை. ஏழு மட்டம் இருக்கிறது. ஒன்றிலிருந்து நாலு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். எங்கள் மாதிரி ஆட்களுக்கு மூன்றும் நாலும்தான் கணக்கு. வெளிநாட்டு வேலைக்குப் போக நினைக்கிற பொடியனுக்கும் அது கையில் இருப்பது நல்லது.

குறுங்காலப் பயிற்சி எல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. கேக் ஐசிங் பழகி, சாமத்திய வீட்டுக்கு ஓடர் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பத்திரம் தேவையில்லை. வேலை கேட்டுப் போகிறவர்களுக்குத்தான் தேவை.

காசு விசயமும் முதலிலேயே கேளுங்கள். அரச நிலையங்களில் பெரும்பாலான முழுநேரப் படிப்புக்குக் கட்டணம் இல்லை, சிலவற்றுக்கு உண்டு. கொடுப்பனவு ஏதும் தருவார்களா, பஸ்ஸுக்குச் சீசன் எடுக்கக் கடிதம் தருவார்களா, துணியும் கத்தரிக்கோலும் நாங்கள் கொண்டுவர வேண்டுமா? கேட்க வெட்கப்பட்டுப் போய், இரண்டாம் கிழமையில் "பிளவுஸ் துணி இரண்டு மீற்றர் கொண்டு வாங்கோ" என்றதும் அடுத்த நாள் வராமல் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

கடதாசிகள்: அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூட விடுகைப் பத்திரம், ஜி.எஸ். சான்று, பாங்க் புத்தகத்தின் முன் பக்கம். எல்லாவற்றிலும் மூன்று போட்டோக்கொப்பி. 2009இல் போரில் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு இன்னும் பிறப்புச் சான்றிதழ் எடுக்காமல் இருக்கிறவர்கள் முதலில் டி.எஸ். ஒஃபீஸில் பதிவுப் பகுதிக்குப் போங்கள். பதிவே இல்லை என்றால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு வழி இருக்கிறது. இழுபடும், ஆகவே பயிற்சி அறிவித்தல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். யாரிடம் கேட்பது என்றே தெரியாவிட்டால் 1919க்கு அடியுங்கள், தமிழிலும் கதைப்பார்கள்.

நான் ஏன் பாதியில் விட்டேன்

2014இல் எனக்கு ஆறு மாதத் தையல் பயிற்சி கிடைத்தது. தையில் தொடக்கம். மாசி பிறந்ததும் ஊரில் நெல் வெட்டு, கச்சான் பிடுங்கல். அன்றன்று காசு. நான் வகுப்பில் காகிதத்தில் கோடு கீறிக்கொண்டிருக்க, என்னோடு வழக்கமாக வருகிறவர்கள் பின்னேரம் காசும் ஒரு பையில் பச்சைக் கச்சானும் கொண்டு என் படலையைத் தாண்டிப் போவார்கள். பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள். ஒரு நாள் வகுப்பை விட்டேன், பிறகு மூன்று நாள், பிறகு போகவே இல்லை. நிலையத்தில் 80 வீத வரவு கேட்டார்கள், எனக்கு எங்கே?

அதனால் இப்போது யார் வந்தாலும் முதலில் கலண்டரைத்தான் திறப்பேன். காலபோக அறுவடைக்குள் வருகிற பயிற்சியா, யூலையில் தொடங்குவதா? அறுவடைக் கூலியை நம்பி இருக்கிற வீடு யூலைத் தொகுதிக்குப் போவது நல்லது. இல்லை, தையில்தான் என்றால் அந்த இரண்டு மாதத்துக்குக் கையில் எவ்வளவு வேண்டும் என்று முன்பே ஒதுக்குங்கள். அஸ்வெசும காசை அதற்குத்தான் வைக்கச் சொல்வேன். பயிற்சி முடியும்வரை அரிசிக்கும் பஸ்ஸுக்கும் அது தாங்கும். அந்தக் காசு வரும் காலத்தில்தான் பயிற்சிக்குப் போக முடியும். நின்ற பிறகு போக நினைத்தால் வயிறு விடாது.

பிள்ளைகள் விசயத்தில் ஆறு பேர் சேர்ந்து போவது எங்கள் சங்கத்தில் சரிவந்தது. ஒரு நாளைக்கு ஒருவர் நின்று எல்லாப் பிள்ளைகளையும் பார்த்தார். முன்பள்ளி பன்னிரண்டு மணிக்கு முன்பே விட்டுவிடும், பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு. இடையில் யார் வீட்டில் சோறு என்பதை முதலே பேசிக்கொண்டோம். முறைக்கு நின்றவருக்கு அன்றைய பாடத்தை மற்றவர்கள் பின்னேரம் சொல்லிக் கொடுத்தார்கள். வரவு மட்டும் அடிபடும், அதைப் போதனாசிரியரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

தெரிந்த தொழிலுக்குப் பத்திரம் எடுப்பது

இதுதான் எனக்குக் கைகொடுத்த வழி, எங்கள் பக்கத்தில் ஆகக் குறைவாகத் தெரிந்த வழியும் இதுதான். வகுப்புக்கே போகாமல், ஏற்கெனவே செய்கிற தொழிலைக் காட்டி என்.வி.கியூ. எடுக்கலாம். முன்கற்றலை அங்கீகரிப்பது என்று பெயர், ஒஃபீஸில் ஆர்.பி.எல். என்றால் உடனே விளங்கும். நைற்றாவில் கேளுங்கள். கட்டணம் உண்டு. மேசன், தச்சு, வயரிங், சமையல், தையல் என்று வருடக்கணக்காகச் செய்கிறவர்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர்!

நான் தையல் பழகியது 2009இல் மெனிக்பாம் என்ற இடம்பெயர்ந்தோர் முகாமில். பக்கத்துக் கூடாரத்து அம்மா ஒருவர் சாணால் அளந்து, கண்ணால் வெட்டுவார், காகிதம் கிடையாது. ஊர் திரும்பிய பிறகு 2011இலிருந்து ஒரு பழக்கம் வைத்திருந்தேன். தைக்கிற ஒவ்வொரு சட்டையிலும் மிஞ்சுகிற துண்டில் இரண்டு விரல் அகலம் வெட்டி, கொப்பியில் ஒட்டி, திகதியும் கூலியும் எழுதுவேன். கணக்குக்காகத்தான். 2024இல் ஆர்.பி.எல்லுக்குப் போனபோது "அனுபவத்துக்கு ஆதாரம் என்ன?" என்று கேட்டார்கள். ஜி.எஸ். கடிதம், பள்ளிக்கூடத்துக்கு யூனிபோம் தைத்த கடிதம், போட்டோக்கள் கொடுத்தேன். கூடவே அந்த மூன்று கொப்பிகளையும் வைத்தேன். மதிப்பீட்டாளர் ஐயா பக்கம் பக்கமாகத் தட்டினார். பதின்மூன்று வருடச் சாமத்திய வீடும் பள்ளிக்கூடத் தவணையும் துண்டு துண்டாக இருந்தது. "இதைவிட என்னம்மா ஆதாரம்" என்றார்.

பரீட்சை வேறு கதை. கொலர் வைத்த சேட் வெட்டித் தைக்கச் சொன்னார். தைத்துவிடுவேன். ஆனால் அவர் கையைப் பார்த்தது போலவே வாயையும் பார்த்தார். "இந்தத் துணிக்கு எத்தனையாம் நம்பர் ஊசி?" 14 என்றேன். "மெல்லிய சாரித் துணிக்கு?" 11. "ஏன்?" அந்த ஏனுக்கு நான் ஒரு நிமிசம் திணறினேன். பெரிய ஊசி மெல்லிய துணியில் ஓட்டை போடும் என்று எனக்குத் தெரியும், ஆனால் அதைச் சொல்லிப் பழக்கமில்லை. பிறகு ஊசி மாற்றச் சொன்னார். நான் வீட்டில் செய்கிற மாதிரியே சுவிட்சை நிப்பாட்டாமல், கால் பெடலில் இருக்க, ஊசியைக் கழற்றினேன். அவர் ஒன்றும் பேசாமல் தாளில் ஏதோ எழுதினார். பாதுகாப்புப் பகுதி மட்டும் "இன்னும் தேர்ச்சி இல்லை" என்று வந்தது. முழுவதும் திரும்பச் செய்யத் தேவைப்படவில்லை, அந்தப் பகுதியை மட்டும் இன்னொரு நாள் செய்து காட்டினேன்.

போகிறவர்கள் செய்ய வேண்டியது: உங்கள் தொழிலில் நீங்கள் கையால் செய்வதை ஒரு கிழமை வாயால் சொல்லிச் சொல்லிச் செய்யுங்கள். மேசன் என்றால் கலவை எத்தனைக்கு எத்தனை, ஏன் அப்படி. வயரிங் என்றால் முதலில் எதை நிப்பாட்டுவது. பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தலைமுடியைக் கட்டுவது, செருப்புப் போடுவது, கரண்டை நிப்பாட்டுவது எல்லாத்துக்கும் புள்ளி உண்டு. இன்றிலிருந்தே ஆதாரம் சேருங்கள். செய்த வேலையைப் போட்டோ எடுங்கள். வீட்டுக்காரரிடம் இரண்டு வரி எழுதி வாங்குங்கள், அவர் கொழும்புக்கோ கனடாவுக்கோ போன பிறகு தேட முடியாது.

மெசின் வாங்கும் நேரம்

பத்திரம் வந்த கையோடு வீட்டுக்கு ஒருவர் மோட்டச்சைக்கிளில் வருவார். "அக்கா, தொழில் தொடங்கக் கடன் தரலாம், கையெழுத்து மட்டும் போதும்." கிழமைக்குக் கிழமை கட்டுகிற நுண்கடனால் எங்கள் பெண்கள் பட்டதை நான் விபரிக்கத் தேவையில்லை. வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய் வரையான நுண்கடனைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசாங்கமே அறிவிக்க வேண்டி வந்தது. தையல் காசு தீபாவளிக்கும் தை முதல் பள்ளிக்கூடத் தவணைக்கும்தான் மொத்தமாக வரும், கிழமைக்குக் கிழமை வராது. ஆகவே கிழமைக் கட்டணக் கடன் தையலுக்குச் சரிவராது. பழைய மெசினோடு ஒரு வருடம் ஓட்டுங்கள். சங்கத்தின் சுழற்சிக் கடனைக் கேளுங்கள், சமுர்த்தி வங்கியைக் கேளுங்கள். தொழில் உபகரண உதவி வந்தால் எந்த மேசையிலிருந்து வரும் என்று மேலே சொன்னேன், அங்கே உங்கள் நம்பர் இருக்க வேண்டும்.

கம்பனிக்குப் போகிறவர்கள் முதல் சம்பளத் துண்டைக் கசக்கி எறிய வேண்டாம். அதில் இ.பி.எஃப் இலக்கம் இருக்கிறதா, உங்கள் எட்டு வீதம் வெட்டியிருக்கிறதா, பெயர் அடையாள அட்டையில் உள்ள மாதிரியே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் பெயர்களைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாற்றி எழுதும்போது ஒரு எழுத்துப் பிசகும். காசு எடுக்கிற நாளில் அந்த ஒரு எழுத்துக்காகக் கொழும்புக்கு நடக்க வேண்டி வரும். துண்டுகளை எல்லாம் ஒரு பிளாஸ்ரிக் உறையில் போட்டு, அடையாள அட்டைக் கொப்பியோடு ஒன்றாக வையுங்கள். எங்கள் வீட்டில் அது அரிசி வாளிக்குப் பின்னால் தொங்குகிறது. கூரை ஒழுகினாலும் நனையாத இடம் அதுதான்.